வண்டி அடிவாரத்தில், நடை மலையில்: சந்தவாசலில் தங்கி ஜவ்வாது மலை ஏறுவது

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டிய டெம்போ டிராவலர்கள் இப்போது சென்னையிலும் பெங்களூரிலும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. சினிமாப் படப்பிடிப்பில் மட்டும் பார்த்த கேரவன் குடும்பத்துக்கும் வந்துவிட்டது. வண்டியை எடுப்பவர்கள் எங்கே போகலாம் என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது என்பது. ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த அத்தியாயம் சொல்லும் பதில் ஒன்றுதான்: வண்டியைச் சந்தவாசலில் நிறுத்துங்கள், இரவுகளை அங்கேயே கழியுங்கள், மலைக்குப் பகலில் காலால் போங்கள். வேலூரிலிருந்து கண்ணமங்கலம் வழியாகப் போளூர், திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். மேற்கே திரும்பினால் ஏழெட்டுக் கிலோமீட்டரில் படவேடு, அதற்கு அப்பால் காடு. கிழக்கே ஆரணி. தறிச் சத்தம் கேட்கும் இந்தச் சிற்றூரை யாரும் சுற்றுலாத் தலமாக எண்ணுவதில்லை. ஆனால் கேரவனில் வருபவருக்கு வேண்டிய தண்ணீர், மின்சாரம், கழிவுக்கு வழி, அனுமதி, காவல் எல்லாம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மலை மேல் இவற்றில் பாதிகூடக் கிடைக்காது.

இந்த யோசனை பலருக்கு ஏமாற்றம் தரும் என்பது தெரிந்ததே. அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் படங்களில் வண்டி மரத்தடியில் நிற்கிறது, பக்கத்தில் கணப்பு எரிகிறது, காலையில் கதவைத் திறந்தால் ஏரி. அதையே இங்கும் எதிர்பார்ப்பது இயல்பு. அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அங்கே மாநிலப் பூங்கா என்பது மக்கள் வந்து தங்குவதற்காகவே ஏற்பட்ட ஒன்று. 1864-இல் யோசெமிட்டி பள்ளத்தாக்கைக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைத்தபோதே, பொதுமக்கள் வந்து இளைப்பாற என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பெருமந்தக் காலத்தில், 1933 முதல் 1942 வரை, வேலையில்லாத இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய இயற்கைவளப் பாதுகாப்புப் படை நாடெங்கும் மாநிலப் பூங்காக்களில் சாலையும் குடிலும் முகாம் திடலும் கட்டியது. வண்டிக்கு மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவைக் கொட்டும் தொட்டி எல்லாம் அந்த அடித்தளத்தின் மேல் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தவை. நம் காடுகளின் வரலாறு வேறு. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மரத்தைக் காப்பதற்காகக் காடுகளைக் காப்புக்காடுகள் என்று எல்லை வகுத்தது. அந்தச் சட்டம்தான் பெயர் மாறி இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. அதன் 21-ஆம் பிரிவின்படி காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் குற்றம். ஜவ்வாது மலையில் காடு என்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி காப்புக்காடு. மலையூர்களின் நிலங்கள் அதற்கு நடுவே தீவுகளாக இருக்கின்றன. அழகான இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டிப் படுத்தால், நீங்கள் படுத்திருப்பது ஒன்று வனத்துறையின் நிலம், இல்லையென்றால் ஒரு மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் சாமைக் கொல்லை. கேட்காமல் தங்க இரண்டிலும் உங்களுக்கு உரிமை கிடையாது. சந்தனக் கடத்தலைப் பல காலமாகப் பார்த்துவரும் மலை இது. இரவில் காட்டோரம் விளக்கணைத்து நிற்கும் பெரிய வண்டியை வனக்காவலர் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறு காண முடியாது.

நடப்பதற்கும் அனுமதி வேண்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புல் காய்ந்த மாதம், காற்று திசைமாறும் சரிவு, வழி தெரியாத கூட்டம். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால் எந்த மலையிலும் அதுவே நடக்கும். அதற்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளுடன் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகலாம். அந்தப் பட்டியலில் சந்தவாசலுக்குப் பக்கமாக வருவது திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி. ஜவ்வாது மலையின் கிழக்குச் சரிவில் நடக்க விரும்புபவர் திருவண்ணாமலை மாவட்ட வன அலுவலருக்கு எழுதி அனுமதி பெற வேண்டும். சந்தவாசலில் தங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இங்கேதான் வருகிறது. சந்தவாசல் ஒரு வனச்சரகத்தின் தலைமையிடம். எந்தப் பாதை இப்போது திறந்திருக்கிறது, எந்த ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எந்தப் பக்கம் கரடி நடமாட்டம் என்று சொல்லக்கூடியவர்கள் அந்த அலுவலகத்தில் இருக்கிறார்கள். இரண்டு வாரம் முன்பே எழுதிவிட்டு, வந்த அன்று மாலை நேரில் போய் ஆட்களின் பெயர், போகும் பாதை, திரும்பும் நேரம் மூன்றையும் கொடுத்துவிடுங்கள். உங்களைத் தேட வேண்டி வந்தால் தேடுபவர்களுக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டும். காவல் நிலையத்திலும் வண்டி எண்ணைச் சொல்லி வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இரவு ரோந்து வருபவர் கதவைத் தட்டாமல் போவார்.

வண்டியையே எடுத்துக்கொள்வோம். போளூரிலிருந்து மலைமேல் ஊரான ஜமுனாமரத்தூர் ஏறும் சாலையில் அரசுப் பேருந்து ஓடுகிறது, அப்படியிருக்கக் கேரவன் ஏன் ஏறாது என்று கேட்கலாம். ஏறும். அந்தப் பேருந்தை ஓட்டுபவர் அந்த வளைவுகளைத் தினமும் பார்ப்பவர். உங்கள் வண்டியோ தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, குளிர்பதனப் பெட்டி, சாமான் என்று மேல்சுமை ஏறியது. வளைவில் சாயும், இறக்கத்தில் பிரேக் சூடேறும். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சில கிலோமீட்டரில் பிடிப்பு தளர்ந்துவிடும், ஆகவே ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை வாடகை ஓட்டுநரிடமும் சொல்லி வையுங்கள். மலையூர்த் தெருக்களில் தாழத் தொங்கும் மின்கம்பியும் கிளையும் கூரை மேல் வைத்த ஏசிப் பெட்டிக்கு எமன். இன்னொன்றும் உண்டு. செலவைக் குறைக்கத் தங்கள் வேனைத் தாங்களே கேரவனாக மாற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை உரு மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உரிய அனுமதியும் சான்றில் திருத்தமும் இல்லாத வண்டி மலையில் விபத்துக்குள்ளானால், காப்பீடு கைவிடும் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வண்டிக்கு உள்ளே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி எடுத்துவந்த எரிவாயு உருளையால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இரண்டு இடத்திலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கவில்லை, நின்றிருந்தது. மூடிய சிறு அறையில் நெருப்பும் புகையும் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். மேல் சன்னலைத் திறந்து வைத்துப் பயனில்லை, தரை மட்டத்தில் காற்றுத்துளை வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். மலை மேல் குளிர் என்று கதவையும் சன்னலையும் இறுக மூடுவீர்கள், மின் இணைப்பு இல்லை என்று ஜெனரேட்டரை ஓட விடுவீர்கள், வெளியே காற்று என்று அடுப்பை உள்ளேயே பற்றவைப்பீர்கள். ஆபத்தான மூன்று காரியமும் ஒரே இரவில் கூடும் இடம் மலைதான். அடிவாரத்தில் ஒரு பிளக் பாயின்ட் கிடைத்தாலே ஜெனரேட்டருக்கு வேலை போய்விடும். மின் அடுப்பு வைத்துக்கொண்டால் உருளையும் தேவையில்லை. எங்கே தங்கினாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கை உயரத்தில் பொருத்துங்கள். வாடகை வண்டியில் அது இல்லையென்றால் நீங்களே வாங்கி எடுத்துப் போங்கள்.

சரி, சந்தவாசலில் கேரவன் பூங்கா இருக்கிறதா என்ற கேள்வி வரும். தமிழ்நாடு சுற்றுலாத் துறை கேரவன் பூங்கா நடத்துபவர்களைப் பதிவு செய்ய வழி வகுத்திருக்கிறது. கேரளத்தில் 2021-இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை வந்து வாகமனில் பூங்காவும் வந்துவிட்டது. ஆரணிப் பக்கம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. ஆனால் நம் ஊர்கள் ஒவ்வொன்றிலும் பெயர் சொல்லாத கேரவன் பூங்கா ஒன்று ஏற்கெனவே நிற்கிறது: கல்யாண மண்டபம். பேருந்து நுழையும் அகலத்துக்கு வாசல், சுற்றுச்சுவர், போர்வெல், வரிசையாகக் குளியலறை, நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போதுமான செப்டிக் டேங்க், வலுவான மின் இணைப்பு, ஒரு வாட்ச்மேன். மேலை நாட்டு முகாம் திடலில் என்னென்ன கேட்பீர்களோ அத்தனையும் அங்கே உண்டு, முகூர்த்தம் இல்லாத நாளில் சும்மாவும் கிடக்கிறது. மார்கழியில் நம் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரையிலான அந்த மாதம்தான் ஜவ்வாது மலையில் நடப்பதற்கு ஆண்டிலேயே நல்ல மாதம்: மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், புல் காய்ந்திருக்காது. மண்டபத்துக்காரருக்கு வருமானமில்லாத மாதமும் உங்களுக்கு வேண்டிய மாதமும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மண்டபம் முழுதும் வேண்டாம், வளாகத்தில் வண்டி நிறுத்த இடம், ஒரு குளியலறை, ஒரு பிளக், தண்ணீர் என்று தெளிவாகப் பேசி, மின்சாரத்துக்கு மீட்டர்படி தனியாகத் தருவதாகச் சொல்லுங்கள். சந்தவாசலில் அமையாவிட்டால் கண்ணமங்கலம், போளூர், ஆரணி என்று எதுவும் தூரமில்லை. அரிசி ஆலைக் களமும் நல்ல இடமே, ஆனால் தை அறுவடை தொடங்கியதும் அங்கே நெல் காயும், கேட்கவே கூடாது. பெட்ரோல் பங்க் வேண்டாம். இரவு முழுக்க லாரி வந்து போகும், அடுப்பும் பற்றவைக்க முடியாது.

தெருவில் நிறுத்துவது கட்டாயம் கூடாது. நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பட்டுப் பாவு இழைகளைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். இரு பக்கமும் ஆட்கள் நின்று, கலைந்த இழையைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுமுன் சுருட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழை, ஒரு பாவில் சில சேலைகள், ஒரு குடும்பத்தின் பல வார வேலை. அந்த நேரத்தில் குறுக்கே ஒரு கேரவன் நின்றால் அன்றைய வேலை நின்றது. டீசல் புகை பட்டால் வெளிர் நிறப் பட்டு கெட்டது. இரவு பத்து மணிக்குக் காலியாகத் தெரியும் தெரு காலை ஐந்தரைக்குக் காலியாக இருக்காது. இன்னொரு நாசூக்கும் உண்டு. கைத்தறி நெசவாளருக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருகிறது. தறிவீட்டில் அன்போடு அழைத்து, ஒயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னாலும் அந்த இணைப்பிலிருந்து உங்கள் ஏசிக்கு எடுக்காதீர்கள். அது தறிக்குக் கொடுத்தது, கணக்கு மீறினால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

மின்சாரத்தில் கவனிக்க வேண்டியது சிறிதுதான். 16 ஆம்பியர் பிளக் ஒன்றிலிருந்து மூன்றரைக் கிலோவாட் அளவுக்கு எடுக்கலாம். ஒரு டன் ஏசியும் மின் அடுப்பும் சேர்ந்து ஓடினால் அதை நெருங்கிவிடும், ஆகவே சமைக்கும்போது ஏசியை நிறுத்துங்கள். எர்த் இருக்கிறதா என்று சோதிக்காமல் இணைக்க வேண்டாம். நீட்டிப்பு ஒயரைச் சுருளாக விட்டால் சூடேறும், முழுதும் விரித்துப் போடுங்கள்.

கழிவு பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. ஆனால் கேரவன் பயணம் நல்ல பெயர் எடுப்பதும் கெட்ட பெயர் எடுப்பதும் அதில்தான். வண்டியின் கழிப்பறைப் பெட்டி பெரும்பாலும் இருபது லிட்டர் பிடிக்கும். நான்கு பேர் இருந்தால் ஒன்றரை நாளில் நிரம்பும். நிரம்பியதை மலையில் எங்கே ஊற்றுவீர்கள்? ஜவ்வாது மலையின் இந்தப் பக்கத்துத் தண்ணீர் ஓடையாக இறங்கி, செண்பகத்தோப்பு அணையில் தேங்கி, கமண்டல நதியாகப் படவேட்டைத் தாண்டிச் செய்யாற்றுக்குப் போகிறது. மேலே ஊற்றியது கீழே குடிக்கும் கிணற்றுக்கு வரும். மண்டபத்தின் கழிப்பறையில் ஊற்றி இரண்டு வாளித் தண்ணீர் விட்டால் செப்டிக் டேங்க் பார்த்துக்கொள்ளும். ஆனால் நாற்றம் அடிக்காமலிருக்கச் சேர்க்கும் நீலத் திரவத்தில் ஃபார்மலின் வகை இருந்தால் அந்த டேங்கில் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். ஃபார்மலின் கலக்காததாக வாங்குங்கள், அல்லது திரவமே இல்லாமல் தினமும் காலி செய்யுங்கள். பாத்திரம் கழுவிய நீரைக் கேட்டுக்கொண்டு தென்னைக்கோ வாழைக்கோ விடலாம். குப்பையைப் பிரித்து ஊராட்சித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

இப்போது எதிர்வாதங்கள். காட்டில் தூங்குவதற்குத்தானே கேரவன், ஊருக்குள் மண்டபத்தில் தூங்கினால் அதில் என்ன இருக்கிறது என்பது முதலாவது, நியாயமானதும்கூட. இரவுக் காட்டின் அமைதிக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. ஆனால் சாலையோரம் வண்டியோடு படுப்பவருக்குக் கிடைப்பது அந்த அமைதியும் ஆகாது. காட்டுக்கும் அது நல்லதில்லை. வெளிச்சமும் சமையல் வாசமும் கரடியையும் காட்டுப்பன்றியையும் இழுக்கும், மனிதச் சோற்றுக்குப் பழகிய விலங்கு பிறகு மலையூர்க்காரர்களின் கொல்லைக்கு வரும். இரவுதான் வேண்டும் என்றால் ஒரு இரவுக்கு வண்டியை மண்டபத்தில் பூட்டிவிட்டு, ஜமுனாமரத்தூரில் முன்பதிவு செய்த அறையில் தங்குங்கள். அருகிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் இயங்கத் தொடங்கிய அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி அன்று ஆசியாவிலேயே பெரியவற்றில் ஒன்று. அங்கே தொலைநோக்கி அமைந்ததற்குக் காரணம் இந்த மலையின் இருட்டு. சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள், போகுமுன் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த இருட்டைக் காக்க வேண்டிய மலையில் கூரை விளக்கு எரியும் வண்டிகள் வரிசையாக நிற்பது எப்படிப் பார்த்தாலும் பொருந்தாது.

அடிவாரம் வேகும் என்பது இரண்டாவது வாதம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஆறு, ஆறரைப் பாகை குறையும். காவலூரின் உயரம் 725 மீட்டர். சந்தவாசலுக்கும் மலைமேல் ஊர்களுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று நான்கு பாகைக்கு மேல் வராது. சித்திரை வைகாசியில் அந்த வித்தியாசம் யாரையும் காப்பாற்றாது, மார்கழியில் தேவையும் படாது. வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடும் மாதங்கள்தான் காட்டுத்தீ மாதங்களும். 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடியது. தை முடிந்த பிறகு நடைப்பயணத் திட்டமே போட வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் தென்மேற்குப் பருவமழை இந்தப் பக்கம் ஓரளவு பெய்யும், அது இரண்டாவது நல்ல பருவம்.

அப்படியானால் கேரவன் எதற்கு, காரில் வந்து லாட்ஜில் தங்கலாமே என்று மூன்றாவதாகக் கேட்பவர்கள் உண்டு. இருவர் மட்டும் வந்தால் லாட்ஜே மேல், அதை மறைக்கத் தேவையில்லை. தாத்தா பாட்டியும் குழந்தையும் சேர்ந்து வரும் குடும்பத்துக்குக் கணக்கு வேறு. நடக்க முடிந்தவர்கள் விடிந்ததும் கிளம்ப வேண்டும். முடியாதவர்கள் தங்கள் படுக்கையில் தூங்கி, தங்கள் அடுப்பில் கஞ்சி வைத்து, மருந்து குளிர்பதனப் பெட்டியில் இருக்க, மதியம் வரை நிம்மதியாக இருக்கலாம். மாலையில் அவர்களையும் ஏற்றிக்கொண்டு சமதளச் சாலையில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகலாம். கேரவனின் உண்மையான பயன் இதுதான்.

பாதைகளைப் பொறுத்தவரை படவேட்டில் தொடங்குவது நல்லது. சம்புவராயர்களின் தலைநகராக இருந்து, பதினான்காம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் கம்பணரிடம் வீழ்ந்த ஊர் இது. கோட்டைமலை மேல் வேணுகோபால சுவாமி கோயில் இருக்கிறது. விடிந்ததும் ஏறினால் வெயில் உறைக்குமுன் இறங்கிவிடலாம், உடம்பு எப்படி ஒத்துழைக்கிறது என்பதும் தெரிந்துவிடும். செண்பகத்தோப்புப் பக்கம் வனத்துறை அனுமதித்த அளவுக்கு மட்டும் நடங்கள். மழை நாளில் ஓடைக்குள் இறங்க வேண்டாம், மேலே பெய்தது கீழே தெரியாது. மூன்றாம் நாள் போளூர் போய், பேருந்திலோ உள்ளூர் ஜீப்பிலோ ஜமுனாமரத்தூர் ஏறி, பீமன் அருவி பார்க்கலாம். கடைசியாகப் பருவதமலை. சுமார் 4,500 அடி, தென்மாதிமங்கலம் அல்லது கடலாடி வழி, உச்சியில் மல்லிகார்ச்சுனர் கோயில். கடைசிப் பகுதியில் பாறையில் அடித்த கடப்பாறைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் உயரம் கண்டு தலைசுற்றுபவர்களும் பாதியில் திரும்புவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. ஏறும் நேரக் கட்டுப்பாட்டை அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மலையைத்தான் சங்க இலக்கியத்து நவிரமலை என்பார்கள். அதைப் பாடிய மலைபடுகடாம், கூத்தர்களுக்கு நன்னன் நாட்டு வழியைச் சொல்லும் ஆற்றுப்படை. எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அந்த இடத்தைக் கடக்க ஏன் விடியும்வரை காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மலைக்கு இருட்டில் கிளம்பக் கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பழைய அறிவு. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், கணுக்காலை மூடும் காலணி, விசில், வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர். இவ்வளவு இருந்தால் போதும், வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.

வண்டியைக் கீழே நிறுத்தினால் மலைமக்களுக்கு வரும் வருமானம் போகாதா என்ற கேள்வி கனமானது. கேரவன்காரர் தன் உணவையும் தண்ணீரையும் படுக்கையையும் தானே சுமந்து போகிறவர். மலைமேல் அவர் விட்டுவருவது பெரும்பாலும் குப்பைதான். நடந்து போகிறவருக்கு வழிகாட்டி வேண்டும், மதியச் சோறு வேண்டும், திரும்பும்போது சாமை, தேன், புளி வாங்கத் தோன்றும். வழிகாட்டிக்கு நாள் கூலியை முன்பே பேசி, நாள் முடிந்ததும் கையில் கொடுங்கள். சாமையைப் பேரம் பேசாமல் வாங்குங்கள், கைவேலை மிகுந்த தானியம் அது. ஊருக்குள் படம் எடுக்குமுன் கேளுங்கள். கோயில் எல்லைகளில் செருப்பை எங்கே கழற்றுகிறார்களோ அங்கே கழற்றுங்கள்.

அடிவாரம் என்றால் ஆபத்தில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலையில் மலைச்சரிவின் கீழிருந்த வீட்டின் மேல் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். சரிவுக்கு நேர் கீழே, ஓடை வாயில், ஏரிக்கரை ஓரத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். சந்தவாசல் மண்டபம் என்று இந்த அத்தியாயம் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்: சாலையோரம், சமதளம், இரவிலும் கிளம்பிப் போக வழி உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் மலைத் திட்டத்தை விட்டுவிட்டு அந்த நாளை ஆரணியில் பட்டு பார்க்கவும் அரிசி வாங்கவும் செலவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் பாருங்கள். ஆடி வெள்ளிகளில் சந்தவாசலிலிருந்து படவேடு போகும் சாலை பக்தர்களின் வண்டிகளால் நிறைந்துவிடும், அந்த வாரங்களில் கேரவனோடு வருவது உங்களுக்கும் அவர்களுக்கும் இடைஞ்சல். பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகை தீபத்தன்றும் வேலூர்–திருவண்ணாமலைச் சாலையில் சிறப்புப் பேருந்துகள் இரவெல்லாம் ஓடும். சென்னையிலிருந்து ஆற்காடு, ஆரணி வழியாக வருபவர்கள் பொழுது சாயுமுன் மண்டபத்தை அடைவதுபோல் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். பெரிய வண்டியைப் புது வளாகத்துக்குள் பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போது வெளிச்சம் வேண்டும், பின்னால் ஒருவர் இறங்கி நிற்கவும் வேண்டும். கிளம்பும் நாளில் தொட்டியை நிரப்பி, கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்து, மீட்டரை வாட்ச்மேனோடு சேர்ந்து பார்த்துப் பணம் கொடுத்துவிட்டு, காலைப் பாவு சுருட்டிய பிறகு வண்டியை எடுங்கள்.